தாது வருஷமும் ஒரு டேட்டா ஃபிரேமும்

எங்க ஊர் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஏரி நிரம்பலைன்னா பெருசுங்க வாயில முதல்ல வர்றது தாது வருஷம்தான். சின்ன வயசுல ஏதோ கதைன்னு நினைச்சிருந்தேன். போன மாசம் ஒரு மழைக்கணக்கு ஃபைலைத் திறந்தப்பதான் அது 1876ன்னு உறைச்சது.

அந்தக் கணக்கு புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தோடது. பார்த்தசாரதி, முனோட், கோத்தவாலே மூவரும் 306 மழைமானி நிலையங்களின் பதிவுகளைக் கோர்த்து, 1871லிருந்து மாதவாரியாகக் கட்டிய தொடர். 1994ல் கட்டுரையாக வந்தது. வருஷத்துக்கு ஒரு வரி, மாசத்துக்கு ஒரு கட்டம். இந்திய வானிலைத் துறை தொடங்கியது 1875ல். அடுத்த வருஷமே மழை பொய்த்தது. மெட்ராஸ் மாகாணத்தில் 1878 வரை நீண்ட பஞ்சம், செத்தவர்கள் லட்சக்கணக்கில். பிற்பாடு கில்பர்ட் வாக்கர் பருவமழையை முன்கூட்டிச் சொல்ல முடியுமான்னு குமாஸ்தாக்களை வைத்துக் கையாலேயே கணக்குப் போட்டார். பாவம், அவங்ககிட்ட ஆர் இல்லை.

என்கிட்ட இருந்துச்சு. இருந்தும் சொதப்பினேன்.

மழைத்தொடரை டைம் சீரிஸ் ஆக்கி அச்சிட்டால் பழைய பதிவேடு மாதிரியே வருஷமும் மாசமும் அழகாத் தெரியும். அது வெறும் தோற்றம்ங்க. உள்ளே இருப்பது எண்களின் ஒரே நீள வரிசை, கூடவே மூணு எண்கள்: தொடக்கம், முடிவு, வருஷத்துக்கு எத்தனை. தேதின்னு எதுவும் கிடையாது. நேரா டேட்டா ஃபிரேமா மாத்தினா எக்ஸ் என்ற ஒற்றைப் பத்திதான் கண்ணுக்குத் தெரியும். பஞ்ச வருஷத்தைத் தேடி வரிகளை வெட்டினேன், ஒட்டியிருந்த அந்த மூணு எண்களும் போச்சு. கையில மிஞ்சினது எந்த வருஷத்து மழைன்னே சொல்லாத எண்கள்.

ஏன் இப்படி? ஆர் மொழியின் தாய் எஸ், பெல் லேப்ஸில் 1976ல் பிறந்தது. அந்த மூணு எண் ஏற்பாடு 1988ல் பெக்கர், சேம்பர்ஸ், வில்க்ஸ் எழுதிய புத்தகத்திலேயே இருக்கு. டேட்டா ஃபிரேம் 1992 புத்தகத்தில்தான் வருது. மூத்தது காலத்தைக் கணக்கு போட்டுக்கும். இளையதுக்கு எல்லாத்தையும் பத்தியா எழுதிக் காட்டணும். மாமியார் மருமகள் கதைதான்.

வழி சுலபம். டைம் ஃபங்ஷனால் காலத்தை ஒரு பத்தியாகவும், சைக்கிளால் மாசத்தை இன்னொரு பத்தியாகவும், மழையை வெறும் எண்ணாக்கி மூணாவதாகவும் வைத்துக் கட்டணும். 1876 அக்டோபர் 1876.75ன்னு வரும். தசமத்தைக் கழித்து வருஷம் எடுக்கும்போது மட்டும் உஷார்; பன்னிரண்டில் ஒரு பங்கைக் கம்ப்யூட்டரால் துல்லியமாக எழுத முடியாது, ஜனவரி முந்தின வருஷத்துக்குத் தாவிடலாம். ஸைலைஸ், குரோதென்டீக் 2005ல் விவரித்த ஸூ பொதியில் இயர்மன் இருக்கு, அது இந்த வம்பைப் பார்த்துக்கும்.

மாத்தி முடிச்சு 1876ன்னு வடிகட்டினேன். பன்னிரண்டு வரி வந்துச்சு. ஐப்பசி, கார்த்திகை அடைமழை விழ வேண்டிய அக்டோபர், நவம்பர் வரிகளை ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டே இருந்தேன்.