ஆறில்லா ஊருக்கு வந்த ஆற்று அளவு

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு எதுவும் இல்லை. மாரியில் மட்டும் பெருகி அராலிப் பக்கமாகக் கடலேரியில் விழும் வழுக்கியாற்றை விட்டால், கோப்பாய், நீர்வேலி, உரும்பிராய் போன்ற வலிகாமத்து ஊர்களில் நிலத்தில் ஊறும் மழைநீரும் வளவுகளிலிருந்து வெளியேறும் கழிவுநீரும் செம்மண்ணூடாகக் கீழிறங்கிச் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளையே சென்றடைகின்றன. கழிவுநீரின் அழுக்கை அளக்க உலகெங்கும் கையாளப்படும் முறையோ ஆறுகளுக்கென்றே பிறந்தது.

பிரித்தானியாவில் 1898 இல் அமைக்கப்பட்ட கழிவுநீர் அகற்றலுக்கான அரச ஆணைக்குழு, 1912 இல் வெளியிட்ட தனது எட்டாவது அறிக்கையில், நுண்ணுயிர்கள் உண்டு சிதைக்கக்கூடிய சேதனப் பொருளை நேரடியாக எடைபோடாமல், அதைச் சிதைக்கும்போது அவ்வுயிர்கள் நீரிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஒட்சிசனைக்கொண்டு மதிப்பிடும் வழியை நிலைநிறுத்தியது. உயிரிரசாயன ஒட்சிசன் தேவை, சுருக்கமாக பி.ஓ.டி., எனப்படும் இந்த அளவுக்கு ஐந்து நாள் தவணை குறிக்கப்பட்டது. பிரித்தானிய ஆறுகள் கடலை அடைய அதற்கு மேல் எடுப்பதில்லை என்பதே வழக்கமாகச் சொல்லப்படும் காரணம். எட்டு மடங்கு ஆற்றுநீர் கலக்குமிடத்து, வெளியேறும் நீரில் இது லீற்றருக்கு 20 மில்லிகிராமைத் தாண்டலாகாது என்றும் ஆணைக்குழு விதந்துரைத்தது.

ஆய்வுகூடத்தில் வேலை எளிமையானது, ஆனால் பொறுமை வேண்டும். இருபது பாகை வெப்பநிலையில் ஒரு லீற்றர் நீரில் ஏறக்குறைய 9 மில்லிகிராம் ஒட்சிசனே கரையுமாதலால், பல நூறு மில்லிகிராம் கேட்கும் வீட்டுக் கழிவுநீரைப் பன்மடங்கு ஐதாக்கி, காற்றுக்குமிழி அகப்படாதபடி கண்ணாடிப் போத்தலில் அடைத்து, பாசிகள் ஒட்சிசனை உண்டாக்கிவிடாதிருக்க இருட்டில் வைப்பார்கள். முதல் நாளிலும் ஐந்தாம் நாளிலும், இரசாயனவியலாளர் விங்க்ளர் 1888 இல் வகுத்த முறைப்படி, மங்கனீசு உப்பையும் காரம் கலந்த அயடைட்டையும் விட்டால் ஒட்சிசன் உள்ள நீரில் கபில நிற வீழ்படிவு திரளும். அமிலம் சேர்த்ததும் அது கரைந்து அயடீனின் மஞ்சள் நிறம் எழும், அதை நியமித்து ஒட்சிசனைக் கணிப்பார்கள். இரு அளவுகளின் வித்தியாசத்தை ஐதாக்கிய மடங்கால் பெருக்கினால் விடை கிடைக்கும்.

வெப்ப நாடுகளில் சிதைவு விரைவாக நடப்பதால், இந்தியாவில் 27 பாகையில் மூன்று நாள் என்ற மாற்றம் நியமமாயிற்று. இலங்கையின் 2008 ஆம் ஆண்டுச் சுற்றாடல் ஒழுங்குவிதிகள் இரு வழிகளையும் ஏற்று, உள்நாட்டு மேற்பரப்பு நீர்நிலையில் விடும் கழிவுநீருக்கு 30 மில்லிகிராமை உச்சமாக விதித்தன.

ஆயினும் கிணற்றுநீர் பாதுகாப்பானதா என்ற கோப்பாயின் கேள்விக்கு இந்த எண் பாதிப் பதிலே தருகிறது. அமோனியாவை நைத்திரேற்றாக்கும் பற்றீரியாக்கள் மெதுவாக வளர்வதால், பதப்படுத்தாத கழிவுநீரில் அவற்றின் ஒட்சிசன் செலவு பெரும்பாலும் ஐந்து நாளுக்குள் வெளித்தெரியாது. சேதனப் பொருள் நன்கு சிதைந்து பி.ஓ.டி. தாழ்ந்த நீரிலும் நைத்திரேற்று நிறைந்திருக்கலாம். மலசலகூடக் குழியும் கிணறும் ஒரே வளவில் இருக்கும் ஊரில், வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடும் உரமும் சேர்ந்து இறங்க, குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று உலக சுகாதார நிறுவனத்தின் எல்லையான 50 மில்லிகிராமைத் தாண்டியிருப்பதை 1980கள் தொட்டு வந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. நைத்திரேற்று கைக்குழந்தைகளின் குருதி ஒட்சிசனைச் சுமக்கும் திறனைக் குறைப்பது. ஆகவே இங்கு அமையும் எந்தச் சுத்திகரிப்பு நிலையத்தையும் பி.ஓ.டி. ஒன்றைமட்டும் பார்த்துத் தேறியதாகக் கொள்வது தவறு; நைதரசனையும் அதே கணக்கேட்டில் எழுதியாக வேண்டும்.