நெல் லாரியின் ஸ்பிரிங் பட்டையும் டெல்டாச் சாலையின் ஓரமும்

லாரியின் பின் அச்சில் ஸ்பிரிங் பட்டை கூட்டுவது, காவிரி டெல்டாவில் நெல் ஏற்றும் வண்டிகளில் பரவலாகக் காணப்படும் மாற்றம். தொழிற்சாலையில் அமைந்த பட்டைக் கட்டின்மேல் ஒன்றிரண்டு பட்டைகளைச் சேர்ப்பார்கள். அல்லது சோர்ந்த பட்டையைச் சம்மட்டியால் அடித்து வளைவு ஏற்றுவார்கள். சில வண்டிகளில் அச்சுக்கும் கட்டுக்கும் இடையே இரும்புக் கட்டை வைத்து யூ போல்ட்டால் இறுக்குவதும் உண்டு. மூன்றின் நோக்கமும் ஒன்றே. லோடு ஏறிய வண்டி பின்புறம் தாழக் கூடாது, வளைவில் சாயக் கூடாது. இந்த நோக்கம் எந்த அளவு நிறைவேறுகிறது, அதற்காக எதை இழக்க நேர்கிறது என்பதைத் திருக்கடையூர்ப் பகுதியின் சாலை, மண், பயிர்ப்பருவம் ஆகியவற்றோடு சேர்த்து எடைபோட வேண்டும். சமதளமான அகலச் சாலைக்குச் சரியாக வரும் கணக்கு, வாய்க்கால் கரைச் சாலையில் வேறு விடை தருகிறது.

திருக்கடையூர் மயிலாடுதுறை மாவட்டத்தின் தரங்கம்பாடி வட்டத்தில், கடற்கரையை ஒட்டிய நெடுஞ்சாலையில் அமைந்த ஊர். மணிவிழாவுக்கும் எண்பதாம் ஆண்டு விழாவுக்கும் அமிர்தகடேசுவரர், அபிராமி சந்நிதிக்கு வரும் குடும்பங்களின் கார்களும் வேன்களும் ஆண்டு முழுவதும் இச்சாலையில் ஓடுகின்றன. அதே சாலையில்தான் நெல் லாரியும் வைக்கோல் வண்டியும் அறுவடை இயந்திரம் ஏற்றிய வண்டியும் போகின்றன. குறுவை அறுவடை வடகிழக்குப் பருவமழையின் தொடக்கத்தோடு மோதும். சம்பாவும் தாளடியும் ஜனவரிக்குப் பின் மொத்தமாக வந்து குவியும். தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் நெல் 40 கிலோ மூட்டையாகப் பிடிக்கப்படுகிறது. மழைக்கு முன் அது கிடங்கையோ அரவை ஆலையையோ ரயில் நிலையத்தையோ சென்றுசேர வேண்டும். லாரிக்குக் கிராக்கி ஏறும் அந்த வாரங்களில், ஒரு நடைக்கு எத்தனை மூட்டை என்பதே கணக்காகிவிடுகிறது. கூடுதல் பட்டைக்கான தேவை இங்கேதான் பிறக்கிறது.

பட்டை ஸ்பிரிங்கின் விறைப்பு, பட்டைகளின் எண்ணிக்கைக்கும் அகலத்துக்கும் நேர்விகிதத்தில் கூடுகிறது. தடிமனின் மும்மடிக்கு ஏற்பவும் கூடுகிறது. நீளம் கூடினால் அதன் மும்மடிக்கு ஏற்பக் குறைகிறது. ஒரே தடிமனுள்ள 9 பட்டைக் கட்டில் பத்தாவது பட்டையைச் சேர்த்தால் விறைப்பு ஏறத்தாழ 11 சதவீதம் உயரும். 10 மில்லிமீட்டர் பட்டையின் இடத்தில் 12 மில்லிமீட்டர் பட்டையை வைத்தால் அந்த ஒரு பட்டையின் பங்கு மட்டும் 1.7 மடங்குக்கு மேல் போகும். பட்டறையில் கைக்குக் கிடைத்த பட்டையைச் சேர்ப்பதன் விளைவை முன்கூட்டிச் சொல்ல முடியாமல் போவதற்குத் தடிமனின் இந்த மும்மடிக் கணக்கே காரணம்.

பட்டை கூட்டினால் வண்டி தாழ்வது குறைகிறது. ஆனால் அச்சு, வீல் பேரிங், டயர், பிரேக், சேசிஸ் ஆகிய எதன் தாங்குதிறனும் அதனால் ஒரு கிலோ கூடக் கூடுவதில்லை. பின்புறத் தாழ்வு, ஓட்டுநருக்கும் சுமை ஏற்றுபவருக்கும் கண்ணால் காணக் கிடைக்கும் ஒரே எடை அளவுகோல். கூடுதல் பட்டை அந்த அளவுகோலை அழித்துவிடுகிறது. 14 டன் ஏறிய வண்டி 10 டன் ஏறியதுபோல நிமிர்ந்து நிற்கும்போது, பார்ப்பவர் யாருக்கும் எச்சரிக்கை கிடைப்பதில்லை. மழையில் நனைந்த மூட்டைக்கு இது இன்னும் பொருந்தும். மூட்டை எண்ணிக்கை மாறாமலே எடை ஏறியிருக்கும். தாழ்வும் அதைக் காட்டாது.

ஓட்டுநர்கள் கூடுதல் பட்டையை ஆதரிப்பதில் உண்மை இருக்கிறது. அதைத் தள்ளிவிட்டு எழுதுவது நேர்மையாகாது. லாரியின் இரு பட்டைக் கட்டுகளும் சேசிஸ் சட்டங்களை ஒட்டி, டயர்களின் இடைவெளியைவிட மிகக் குறுகலான இடைவெளியில் பொருத்தப்பட்டுள்ளன. சாய்வை எதிர்க்கும் திறன் அந்த இடைவெளியின் இருமடியைப் பொறுத்தது. ஆகவே உயரமாக அடுக்கிய சுமை எளிதில் ஆடும். விறைத்த பட்டை அந்த ஆட்டத்தைக் குறைக்கிறது, சாயும்போது எடை பக்கவாட்டில் நகரும் அளவையும் குறைக்கிறது. சீரான தார்ச்சாலை வளைவில், லோடு ஏறிய நிலையில், பட்டை கூட்டிய வண்டி ஓட்டுநரின் கைக்கு உறுதியாகத் தெரிவது மெய்யே. கேள்வி, அந்த உறுதி எந்த நிலைவரை நிற்கும் என்பது.

கவிழும் எல்லையை எளிய கணக்கால் காணலாம். டயர்களின் பக்க இடைவெளியில் பாதியை ஈர்ப்பு மையத்தின் உயரத்தால் வகுத்தால், வண்டி கவிழாமல் தாங்கும் பக்கவாட்டு முடுக்கம் புவியீர்ப்பின் பங்காகக் கிடைக்கும். பின் அச்சின் பயனுறு இடைவெளி 1.9 மீட்டர், வெற்று எடை 6 டன், தள உயரம் 1.2 மீட்டர் என்று ஒரு இரண்டு அச்சு லாரியை எடுத்துக்கொள்ளலாம். 10 டன் நெல், அதாவது 250 மூட்டை, ஏறினால் மொத்த ஈர்ப்பு மையம் தரையிலிருந்து சுமார் 1.6 மீட்டரில் அமையும், எல்லை 0.59. 350 மூட்டை ஏற்றினால் அடுக்கு உயர்ந்து மையம் 1.84 மீட்டருக்குப் போகும், எல்லை 0.52. பட்டையும் கட்டையும் வண்டியை இன்னும் 10 சென்டிமீட்டர் தூக்கினால் 0.49. உயரம் தனியாகப் பறிப்பது 0.03 மட்டுமே, பெரும்பங்கைப் பறிப்பது, அந்த உயரமும் விறைப்பும் அனுமதித்த 100 மூட்டை. இவை வண்டியை விறைத்த பெட்டியாகக் கொண்ட கணக்குகள். டயரும் ஸ்பிரிங்கும் வளைவதால் உண்மையான எல்லை இவற்றுக்கும் கீழே இருக்கும்.

டெல்டாவில் இந்தக் கணக்கோடு சாலை ஓரத்தையும் சேர்க்க வேண்டும். இப்பகுதிக் கிராமச் சாலைகள் பெரும்பாலும் ஆற்றுக் கரை, வாய்க்கால் கரைமேல் ஓடுபவை, அடியில் களிமண். கோடையில் வெடித்து, மழையில் ஊறி இளகும் மண் அது. தார் விளிம்புக்கு வெளியே திடமான ஓரம் பல இடங்களில் கிடையாது. எதிரே வரும் பேருந்துக்கோ டிராக்டருக்கோ ஒதுங்கும் லாரியின் இடப்புறச் சக்கரங்கள் 20 சென்டிமீட்டர் இறங்கினால் வண்டி 6 பாகை சாயும். பாதுகாப்பு எல்லையில் மேலும் 0.10 அப்படியே போய்விடும். 0.59 இல் தொடங்கிய வண்டி 0.39க்கு வந்து நிற்கிறது. இருப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காலி. வேகமே இல்லாமல், ஒதுங்கி நின்ற நிலையிலேயே இது நடக்கும். அதற்குமேல் மண் இளகிச் சக்கரம் இன்னும் இறங்கினாலோ, ஓட்டுநர் பதறி ஸ்டீயரிங்கை வெட்டித் திருப்பினாலோ மீள இடமில்லை. நெடுஞ்சாலை வளைவில் பட்டை தந்த உறுதி இந்த ஓரத்தில் உதவாது. இங்கே உதவுவது தாழ்ந்த ஈர்ப்பு மையம் ஒன்றே.

இரண்டாவது இழப்பு, சுமை இறக்கிவிட்டுத் திரும்பும் பயணத்தில் வெளிப்படுகிறது. ஸ்பிரிங் சுமையில் 10 சென்டிமீட்டர் அமுங்குமானால் அதன் இயல்பு அதிர்வு நொடிக்குச் சுமார் 1.6, பின் அச்சுச் சுமை 10 டன்னிலிருந்து 3 டன்னாகக் குறைந்தால் அமுக்கம் 3 சென்டிமீட்டராகி அதிர்வு 2.9 ஆகும். விறைப்பை 40 சதவீதம் கூட்டினால் இவ்விரண்டும் 1.9, 3.4 என்று ஏறும். பட்டைகளிடையே உராய்வும் கூடும். சேறும் கடற்காற்றின் உப்பும் ஏறித் துருப்பிடித்த கட்டு, சிறு மேடுபள்ளத்துக்கு அசையவே அசையாது. அப்போது டயர் மட்டுமே ஸ்பிரிங்காக வேலை செய்யும். ஷாக் அப்சார்பருக்கு அடக்க எதுவும் இராது. சக்கரம் தரையில் துள்ளும், துள்ளும் சக்கரத்துக்குப் பிடிப்பு இல்லை. மழை நனைத்த சாலையில் வெற்று லாரியின் பின்புறம் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு போவதற்கு இது முக்கியக் காரணம். முன்புறம் இளக்கமாகவும் பின்புறம் மிக விறைப்பாகவும் இருந்தால் வளைவில் எடை மாற்றத்தின் பெரும்பங்கு பின் டயர்கள்மேல் விழுந்து, அவை முதலில் பிடிப்பை இழக்கின்றன.

ஸ்டீயரிங்கும் இதே நிலையில்தான் கெடுகிறது. 4.2 மீட்டர் சக்கர இடைவெளியுள்ள லாரியின் பின்புறம் 10 சென்டிமீட்டர் உயர்ந்தால் சேசிஸ் முன்னோக்கி ஏறத்தாழ 1.4 பாகை சரியும். முன் அச்சின் காஸ்டர் கோணம் அதே அளவு குறையும். லாரிகளில் அந்தக் கோணமே சில பாகைகள்தான். அதில் இவ்வளவு போனால், திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்கு வராது, வண்டி நேர்க்கோட்டில் நிற்காமல் அலையும். இரவில் ஓட்டுநருக்கு முகப்பு விளக்கு மிக அருகில் விழும். பின் தடுப்புச் சட்டமும் உயர்ந்துவிடும். சுமையற்ற நிலையில் தரையிலிருந்து 550 மில்லிமீட்டருக்குள் இருக்க வேண்டிய அந்தச் சட்டம், பின்னால் வந்து மோதும் இருசக்கர வாகனமோ காரோ அடியில் புகாமல் காக்கும் ஒரே பொருள். கொள்முதல் நிலைய வாசலில் வரிசையாக லாரிகள் காத்து நிற்கும் அறுவடைக் கால இரவுகளில் அதன் உயரம் உயிர்ப் பிரச்சினை.

பிரேக்கில் வரும் கேடு பட்டறையில் அதிகம் பேசப்படாதது. சுமை உணரும் வால்வு பொருத்திய வண்டிகளில், அச்சுக்கும் சேசிஸுக்கும் உள்ள இடைவெளியைக் கொண்டே வால்வு பின் பிரேக்கின் அழுத்தத்தை முடிவுசெய்கிறது. இடைவெளி குறைந்தால் சுமை உண்டு என்று கொண்டு அழுத்தத்தைக் கூட்டும். பட்டை கூட்டிய வண்டியில் முழுச் சுமையிலும் இடைவெளி போதிய அளவு குறைவதில்லை. வால்வு வண்டியைச் சுமை குறைந்த வண்டியாகவே கணித்து, பின் பிரேக்கைக் குறைத்தே வைத்திருக்கும். 16 டன் மொத்த எடை 20 டன் ஆனால் அதே வேகத்தில் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் 25 சதவீதம் கூடும். கூடுதல் வேலை முன் பிரேக்மேல் விழுகிறது, பின் பிரேக் பாதி உறக்கத்தில் இருக்கிறது. ஏபிஎஸ் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும். குறைவாக வந்த அழுத்தத்தை அது ஈடுசெய்யாது.

பட்டையின் உலோகமும் கவனிக்கத் தக்கது. ஸ்பிரிங் எஃகு பதப்படுத்தி, மேற்பரப்பில் சிறு குண்டுகளால் அடித்து, மேல்தோலில் அமுக்கத் தகைவு ஏற்றப்பட்டு வருவது. சோர்வு முறிவைத் தடுப்பது அந்தத் தோல். சூடேற்றி வளைத்தாலோ பற்றவைத்தாலோ பதம் போய்விடும். சம்மட்டி அடியால் ஏற்றிய வளைவு சில மாதங்களில் இறங்கிவிடும். அடி விழுந்த தழும்பில் விரிசல் தொடங்கும். மெயின் பட்டை முறிந்தால் சுமை இறங்குவதோடு நிற்காது. அச்சை இடத்தில் பிடித்து வைத்திருப்பதே அந்தப் பட்டைதான்; அச்சு ஒருபுறம் பின்வாங்கி வண்டி ஓட்டுநரின் பிடியைவிட்டுத் திரும்பும்.

சாலைக்கு நேரும் சேதத்தையும் தராசில் வைக்க வேண்டும். 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் நடந்த ஆஷோ சாலைச் சோதனையிலிருந்து, சேதம் அச்சுச் சுமையின் ஏறத்தாழ நான்காம் அடுக்குக்கு ஏற்ப வளர்கிறது என்று கொள்ளப்படுகிறது. 10.2 டன் அச்சு 14 டன் சுமந்தால் சேதம் மூன்றரை மடங்கு. விறைத்த ஸ்பிரிங்கின் துள்ளல் அதற்குமேல் சேரும். ஐரோப்பிய சமூகம் 1992இல் வெளியிட்ட நெறியில், சாலைக்கு இணக்கமான சஸ்பென்ஷனுக்கு அதிர்வு நொடிக்கு 2க்கு மிகாமலும் அதிர்வடக்கம் 20 சதவீதத்துக்கு மேலும் இருக்க வேண்டும் என்று வரையறுத்தது இதை எண்ணியே. சாலை ஓரம் உடைவதும் லாரி கவிழ்வதும் இப்பகுதியில் ஒரே சங்கிலியின் கண்ணிகள். அதிக எடை ஓரத்தை உடைக்கிறது, உடைந்த ஓரம் அடுத்த லாரியைக் கவிழ்க்கிறது.

சட்டம் இதை எவ்வாறு காண்கிறது? உற்பத்தியாளர் குறித்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்றின் விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 52ஆம் பிரிவு. கேரள வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதையே வலியுறுத்தியது. அதே ஆண்டின் திருத்தச் சட்டம், அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் உரிமையாளருக்கு 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க வழிசெய்தது. அதிக பாரத்துக்கு 20,000 ரூபாயும், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் 2,000 ரூபாயும் அபராதம். ஆயினும் பட்டைகளின் எண்ணிக்கை பதிவுச் சான்றில் இல்லை. தகுதிச் சான்றுக்கான ஆய்வு வெற்று வண்டியோடு நடக்கிறது. பட்டை கூட்டலின் கேடு முழுதாகத் தெரிவது சுமையேறிய நிலையில், ஈரச் சாலையில், இளகிய ஓரத்தில். 2018 ஜூலையில் நான்கு டயர் ஒற்றை அச்சின் வரம்பு 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தப்பட்டதைப் பட்டை கூட்டுவதற்கான அனுமதியாக வாசிப்பதும் தவறு. வரம்பு உயர்ந்ததால் பழைய அச்சின் எஃகு தடிக்கவில்லை.

மாற்றமே கூடாது என்பதல்ல முடிவு. குறிப்பிட்ட சுமைக்குமேல் மட்டுமே தொட்டு வேலை செய்யும் ஹெல்பர் ஸ்பிரிங், வெற்று நிலையில் இளக்கத்தையும் சுமையில் விறைப்பையும் தருகிறது. சாய்வைத் தடுக்கும் ஆன்டி ரோல் பார், செங்குத்து விறைப்பைக் கூட்டாமலே வளைவில் உறுதி தருகிறது. ஓட்டுநர் தேடும் நன்மை இதில் குறைந்த இழப்போடு கிடைக்கும். உற்பத்தியாளர் அதே வண்டிக்கு அளித்த பாகமாக, உரிய அனுமதியோடு, இருபுறமும் இணையாக மாற்றி, யூ போல்ட்டைச் சில நாள் ஓட்டத்துக்குப் பின் மறுபடி இறுக்கி, பிரேக் வால்வையும் முகப்பு விளக்கையும் புதிதாகச் சரிசெய்தால் இவை ஏற்கத் தக்கவை. டாட்டா ஏஸ் போன்ற ‘குட்டியானை’ வண்டிகளுக்கு இந்த விலக்கும் பொருந்தாது. முக்கால் டன் சுமைக்கு அமைந்த சிறு சக்கரமும் அச்சும் கொண்ட அந்த வண்டியில் பட்டை கூட்ட எந்தப் பொறியியல் நியாயமும் இல்லை.

பட்டறைக்குப் போகும் முன் வண்டி எடை மேடைக்குப் போக வேண்டும். சட்ட எடைக்குள்ளேயே பின்புறம் தாழ்ந்தால் ஸ்பிரிங் சோர்ந்துவிட்டது. அதே அளவுள்ள புதிய பட்டைக் கட்டாக மாற்றுவதே வைத்தியம். சட்ட எடையைத் தாண்டித் தாழ்ந்தால் மூட்டையை இறக்க வேண்டும். கொள்முதல் நிலையங்களை ஒட்டி எடை மேடை அமைப்பதும், நடைக் கணக்கை மூட்டை எண்ணிக்கையிலிருந்து எடைக்கு மாற்றுவதும், கரைச் சாலைகளுக்குத் திடமான ஓரம் கட்டுவதும் அரசும் நுகர்பொருள் வாணிபக் கழகமும் லாரி உரிமையாளர்களும் கூடிச் செய்ய வேண்டிய பணிகள். அடுத்த குறுவை அறுவடைக்கு முன் இவற்றில் எடை மேடையையாவது தொடங்கிவிட வேண்டும்.