அடைப்பையிலிருந்து பிரதானி வரை: 18ஆம் நூற்றாண்டுச் சிவகங்கையில் அரண்மனைச் சேவகம்

அரசர் வாயில் போடும் வெற்றிலையை மடித்துக் கொடுப்பவர் அடைப்பைக்காரர். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு வைத்த பையைச் சுமந்து எந்நேரமும் அரசரின் கைக்கெட்டும் தூரத்தில் நிற்பது அவர் வேலை. நஞ்சுக்கு அஞ்சிய காலத்தில், உயிரையே ஒப்படைக்கத்தக்க ஒருவருக்குத்தான் இப்பணி கிடைக்கும். வந்தவருக்கு விடை கொடுப்பதும் ஒரு காரியத்தை ஒப்படைப்பதும் தாம்பூலத்தோடு நடந்ததால், அரசாங்கத்தின் அந்தரங்கம் முழுவதும் அவர் காதில் விழுந்தது. சிவகங்கைச் சீமையில் முத்துவடுகநாதத் தேவரிடம் மருது சகோதரர்கள் தொடக்கத்தில் பார்த்த வேலை இதுவே என்பது மரபு. அங்கிருந்து அவர்கள் ஆட்சிப் பொறுப்புக்கு உயர்ந்த வழியை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அரண்மனைச் சேவகத்தின் மறுமுனையில் இருந்தவர் பிரதானி தாண்டவராய பிள்ளை. வரவு செலவு, ஓலைப் போக்குவரத்து, அயல் அரசுகளோடு பேச்சு எல்லாம் அவர் பொறுப்பு. மிதிலைப்பட்டிக் குழந்தைக் கவிராயர் ‘மான்விடு தூது’ பாடியது அரசர்மீதன்று, இந்தப் பிரதானிமீது. அப்பதவிக்கு இருந்த மதிப்பை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டியதில்லை.

1772 ஜூன் 25இல் காளையார்கோவிலில் ஆற்காட்டு நவாபுக்காக வந்த கிழக்கிந்தியக் கும்பெனிப் படையிடம் முத்துவடுகநாதர் வீழ்ந்தார். அரசர் இறந்தால் அவரிடம் ஏற்ற கடமை முடிந்ததா? தாண்டவராய பிள்ளை முடிந்ததாகக் கருதவில்லை. அரசி வேலு நாச்சியாரையும் மகள் வெள்ளச்சியையும் திண்டுக்கல் பக்கம் விருப்பாட்சிக்குக் கொண்டு சேர்த்தார். அவ்வாண்டு டிசம்பரில், 5,000 குதிரைப்படையும் 5,000 காலாட்படையும் வேண்டி ஹைதர் அலிக்கு எழுதினார். சீமை இல்லாத ஒரு பிரதானி தம் அரசியின் பேரில் எழுதிய அந்தக் கடிதத்தைச் சிவகங்கை வரலாற்றின் தலையாய ஆவணமாகவே நான் மதிக்கிறேன். அதன் பயனைக் காண அவர் இருக்கவில்லை. சில மாதங்களில் காலமானார்.

எஞ்சிய பணி மருதிருவர் தலையில் விழுந்தது. 1780இல் சீமை மீண்டது; சின்ன மருது பிரதானியானார், பெரிய மருது படையை நடத்தினார். பின்னர் வேலு நாச்சியாரின் மருமகன் வேங்கன் பெரிய உடையாத் தேவர் அரசராக இருந்தபோதும் நிர்வாகம் சகோதரர்கள் கையிலேயே இருந்தது. காரைக்குடியை அடுத்த சிறுவயலில் சின்ன மருது வாழ்ந்த மாளிகைக்குக் காவல் கிடையாது, யாரும் உள்ளே போய் வரலாம் என்று அவரிடம் வளரி வீசக் கற்ற கும்பெனி அதிகாரி வெல்ஷ் எழுதிவைத்திருக்கிறார். குன்றக்குடி முருகன் கோயில் திருப்பணியும் காளையார்கோவில் பெரிய கோபுரமும் அரசர்க்குரிய செயல்கள். அவற்றைச் செய்தவர்கள் இவர்கள். ஆயினும் பட்டம் சூட்டிக்கொள்ளவில்லை. சேர்வைக்காரர் என்ற பெயரே கடைசிவரை நிலைத்தது.

அந்தப் பெயரைத்தான் கும்பெனி அவர்களுக்கு எதிராகத் திருப்பியது. 1801 ஜூலை அறிவிப்பில், இவர்கள் அரச குலத்தவரல்லர், சிவகங்கை அரச குடும்பமான நாலுகோட்டை வீட்டின் சேவகர்களே என்று வாதிட்டு, படமாத்தூர் கௌரி வல்லபரை உரிமையாளராக முன்னிறுத்தியது. ஒரு சீமையைக் கைப்பற்ற வந்தவர்கள் சேவகத்தின் எல்லையைக் கற்பித்தது பெரும் அநீதி. சிறுவயலிலிருந்து காளையார்கோவிலுக்குக் காட்டை வெட்டிப் பாதை போட ஒரு மாதம் முயன்று தோற்ற படை, அக்டோபரில் வேறு வழிகளில் நுழைந்தது. 24ஆம் தேதி திருப்பத்தூரில் இருவரும் தூக்கிலிடப்பட்டனர்.

1802 பிப்ரவரியில் தூத்துக்குடியிலிருந்து பினாங்குக்கு நாடு கடத்தப்பட்டோரில் அரசர் வேங்கன் பெரிய உடையாத் தேவரும் இருந்தார், சின்ன மருதுவின் சிறுவயது மகன் துரைச்சாமியும் இருந்தார். 1818இல் பினாங்கில் அந்த மகனைக் கண்ட வெல்ஷுக்கு அடையாளம் தெரியவில்லை.