கரையிறங்கிய படங்களும் கரையில் நின்றவர்களும்

1942ஆம் ஆண்டு ஏப்ரல் 9ஆந் திகதி, மட்டக்களப்புக்கு அப்பாலுள்ள கடலிலே 'ஹேர்மிஸ்' என்னும் பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. அதனோடு 307 பேர் மாண்டனர். உயிர் தப்பிய அறுநூறு பேரளவினரை 'வீட்டா' என்ற மருத்துவக் கப்பல் மீட்டது. ஹேர்மிஸ் சாய்ந்து அமிழும் காட்சியைக் காட்டும் புகைப்படங்கள் இன்றும் உள்ளன. அவற்றை எடுத்தவர்கள், அதன்மீது குண்டு பொழிந்த யப்பானிய விமானப்படையினர். கொன்றவன் எடுத்த படமே மாண்டவர்களின் கடைசிச் சாட்சியமாகவும் நிற்கிறது. யுத்தப் புகைப்படங்களை ஆராயப் புகும் மாணவர் எவரும் முதலில் மனங்கொள்ள வேண்டிய உண்மை இது. படம் பொய் சொல்லாதிருக்கலாம்; ஆனால் அது எப்போதும் ஒருவர் நின்ற இடத்திலிருந்தே பேசுகிறது.

இரண்டாம் உலக யுத்தத்தின் பிற்பகுதியில் இலங்கை ஒரு பெரும் பாசறையாயிற்று. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைக்கு வந்தது. கடலிலிருந்து திடீரெனக் கரையிறங்கித் தாக்கும் கொமாண்டோப் படையின் மூன்றாவது பிரிகேட் திருகோணமலையில் தங்கியது. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே நீர் சூழ நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டையின் பெயரைத் தாங்கிய முகாமிலே, சிறுபடகுகளிலும் நீந்தியும் சென்று பகைவர் கரையை வேவு பார்க்கும் பிரிவுகள் பயின்றன. இரவோடிரவாகக் கரையடைந்து, நீரின் ஆழத்தையும் கரையின் சரிவையும் அளந்து, மண்ணை எடுத்து வருவது அவர்களது தொழில்களுள் ஒன்று. சேறு வாகனத்தைத் தாங்குமா என்ற ஒரு கேள்விக்கு விடை காணவே சிலர் உயிரைப் பணயம் வைத்தனர்.

புகைப்படமும் அன்று ஓர் ஆயுதமே. ஐரோப்பியக் கரையிலே விடுமுறை நாட்களில் எடுத்த படங்களைத் தந்துதவுமாறு 1942இல் பிரித்தானிய வானொலி மக்களிடம் வேண்டிற்று. இலட்சக்கணக்கான படங்கள் வந்து குவிந்தன. குழந்தை மணல்வீடு கட்டிய படத்தின் பின்னணியிலே, படை இறங்கத்தக்க இடத்தைத் தேடினர் அதிகாரிகள்.

இனி, தரையிறக்கத்தையே காட்டும் படங்களுக்கு வருவோம். 1945 ஜனவரி 12இல் மூன்றாவது கொமாண்டோ பிரிகேட் பர்மாவின் அரக்கான் கரையிலுள்ள மைபோனில் இறங்கியது. யப்பானியர் கரையருகே நட்டிருந்த மரக்கூர்களை, விடியுமுன்னரே வேவுப்பிரிவினர் வெடிவைத்துத் தகர்த்திருந்தனர். முதலில் இறங்கியோருக்கு நீர் உயர்ந்திருந்தது. பின்னால் வந்தோர் இறங்கும்போது நீர் வற்றிவிட்டது. அவர்கள் சேற்றிலே புதைந்து புதைந்து கரையேறினர். ஆகவே, இத்தரையிறக்கத்தைக் காட்டும் ஒரு படத்தில் வீரர் இடுப்பளவு சேற்றில் தத்தளிப்பாராயின், அவர் முதல் அணியினர் அல்லர் என்று பெரும்பாலும் துணியலாம். படப்பிடிப்பாளர் கரையிலே முன்கூட்டியே நின்று, இறங்குவோரின் முகங்களை நேரே எடுத்திருப்பாராயின், அது பயிற்சியின்போது எடுத்ததாக இருக்க வேண்டும். அல்லது கரை கைப்பற்றப்பட்ட பின்னர் வந்த அணியினதாக இருக்க வேண்டும். பகைவன் சுடும் கரையிலே கமராவுடன் முந்தி நிற்பவர் யார்?

இத்தகைய ஆராய்ச்சிக்குப் பட்டம் மாத்திரம் போதாது. வற்றுநீரின் சேறு எவ்வாறு காலைப் பிடிக்கும், கண்டல் வேர்களின் ஊடே தோணி எவ்வாறு செல்லும் என்பதை நம் வாவிக்கரை மீனவரின் பிள்ளை நன்கு அறிவான். அரக்கானின் கண்டற் கழிகளைக் காட்டும் படத்தை, இலண்டன் அலுவலர் ஒருவரிலும் பார்க்க அவன் நுட்பமாக வாசிக்கக்கூடும். உழைப்பாளியின் அறிவும் சரித்திர அறிவே என்று நாம் சொல்வது வெறும் அலங்கார வார்த்தை அன்று.

படத்தின் முகப்பைப் போலவே அதன் முதுகும் முக்கியமானது. இராணுவப் படப்பிடிப்பாளர்கள் தாம் எடுத்தவற்றுக்குக் குறிப்புத்தாள் எழுதினர். தணிக்கை அதிகாரி எதை வெளியிடலாம் என்று முடிவு செய்தார். தொடரெழுத்தும் இலக்கமும் இடப்பட்டன. குறிப்பை எழுதியவர் யாருக்காக எழுதினார் என்று கேட்க வேண்டும். அது பெரும்பாலும் தாய்நாட்டுச் செய்தித்தாள்களுக்காக எழுதப்பட்டது. ஆதலால் வீரரின் பெயரும் ஊரும் அதிலே இடம்பெறுவதுண்டு. பக்கத்திலே சுமை தூக்கி நிற்பவரோ வெறும் 'உள்ளூர்வாசி' ஆகிவிடுகிறார். திருகோணமலைத் துறைமுகத்தில் உழைத்த தொழிலாளி எந்தப் படத்தின் மையத்தில் நிற்கிறார்? 1942இல் மலாயா வீழ்ந்தபின் நேசநாடுகளுக்கு இலங்கையின் இரப்பர் இன்றியமையாததாயிற்று. அந்தப் பாலை வடித்த தோட்டத் தமிழ்த் தொழிலாளரின் கைகள் இன்றி யுத்த வாகனங்களின் சக்கரங்கள் உருண்டிருக்குமா? கமராவின் சட்டத்துக்கு வெளியே நிற்பவர்களைத் தேடுவதே நமது ஆராய்ச்சியின் பாதிப்பணி.

ஏகாதிபத்தியத்தின் படங்கள் பத்திரமாக உள்ளன. இலண்டன் இம்பீரியல் யுத்த அரும்பொருட்சாலையில் அவை எண்ணிடப்பட்டு இருக்கின்றன. பலவற்றை இன்று இணையத்திலேயே காணலாம். நமது படங்கள் எங்கே? 1978 நவம்பரில் வீசிய சூறாவளி மட்டக்களப்பின் கூரைகளைப் பிய்த்தெறிந்தது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது. 2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை கல்லடியிலும் நாவலடியிலும் மனிதரோடு வீடுகளையும், வீடுகளிலிருந்த குடும்பப் படங்களையும் அள்ளிச் சென்றது. 2009 வரை நீடித்த யுத்தத்திலே இடம்பெயர்ந்தோர் உயிரைத் தூக்கிக்கொண்டு ஓடினர்; படத்தொகுதியைத் தூக்க யாருக்கு நேரமிருந்தது? ஒரு மக்கள் கூட்டம் தன் முகத்தைத் தானே காண முடியாத நிலைக்கு வரும்போது, பிறர் எடுத்த படமும் பிறர் எழுதிய குறிப்புமே அதன் சரித்திரமாகிவிடுகின்றன.

இந்நிலையை மாற்றும் பணி பெரிய நிறுவனங்களுக்கு மட்டும் உரியதன்று. 2005இல் தொடங்கிய நூலகம் என்னும் எண்ணிம முயற்சி, தன்னார்வலரின் கூட்டுழைப்பு எதைச் சாதிக்கும் என்பதைக் காட்டியுள்ளது. ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பு மாணவரை அவரவர் வீட்டுப் பழைய படங்களை எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அதிலே நிற்பவர் யார், எந்த ஆண்டு, எந்தத் துறை, எடுத்தவர் யார் என்று முதியோரிடம் கேட்டுப் பென்சிலால் பின்புறத்தில் எழுதச் சொல்லுங்கள். ஓரத்தில் நிற்பவரின் பெயரையும் தவறாது எழுதச் சொல்லுங்கள். கேட்கத் தாமதித்தால் சொல்வதற்கு ஆள் இராது.