மகாராணியின் சீதனம்

நதிமூலம், ரிஷிமூலம் விசாரிக்கக் கூடாது என்பது நம் பெரியவர்கள் வாக்கு. ராஜமூலத்தைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லி வைக்கவில்லை. அந்தத் தைரியத்தில்தான் இன்று ஒரு ராஜ குடும்பத்தின் மூலத்தை விசாரிக்கத் துணிந்திருக்கிறேன். ஆனால் விசாரணையை அரண்மனையில் தொடங்கப் போவதில்லை. நான் பிறந்து வளர்ந்த கிராமத்தில், எங்கள் தெருவின் கடைசி வீட்டில் தொடங்குகிறேன்.

அந்த வீட்டு மருமகளைத் தெருப் பிள்ளைகள் எல்லோரும் 'கோடி வீட்டு அத்தை' என்றே கூப்பிடுவோம். அத்தைக்கு இரண்டு ஆண் குழந்தைகள். மூத்தவன் என் வயதுக்காரன். எங்களோடு அவன் மரம் ஏற மாட்டான். கபடி ஆட மாட்டான். காரணமே இல்லாமல் அவன் முழங்கால் வீங்கிக்கொள்ளும். ஒருநாள் அவனுக்குப் பல் விழுந்தது. எங்களுக்கெல்லாம் பல் விழுந்தால் அதைச் சாணியில் பொதிந்து கூரைமேல் எறிவதோடு விஷயம் முடிந்துவிடும். அவனுக்கோ ரத்தம் நிற்கவே இல்லை. படிகாரம் வைத்தார்கள், பச்சிலை அரைத்து அப்பினார்கள், மந்திரித்தார்கள். மூன்றாம் நாள் விடியற்காலையில் அந்த வீட்டிலிருந்து அழுகுரல் கேட்டது. இரண்டு வருஷம் கழித்து இளையவனும் அதே வழியில் போனான்.

அந்த மாதமே அத்தையை வண்டியில் ஏற்றிப் பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். "எங்க வம்சத்திலே இப்படி ஒரு சீக்கு உண்டா? எல்லாம் இவள் கொண்டு வந்த சீதனம்!" என்று மாமியார் தெருவே கேட்கச் சொன்னாள். சீதனம் என்றால் பித்தளை அண்டாவும் குத்துவிளக்கும் என்று மட்டும் எண்ணியிருந்த எனக்கு அந்தச் சொல் விளங்கவில்லை.

பல வருஷங்களுக்குப் பிறகு ஒரு கல்யாண வீட்டில் அத்தையைச் சந்தித்தேன். தலை முழுவதும் நரைத்திருந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, நீ நாலு புத்தகம் படிச்சவன். நான் என்னப்பா பாவம் செய்தேன்?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடித்தான் நான் அரண்மனை வாசலுக்குப் போனேன்.

இங்கிலாந்தின் விக்டோரியா மகாராணிக்கு ஒன்பது குழந்தைகள். எட்டாவது குழந்தை லியோபோல்டு, 1853-ம் வருஷம் பிறந்தான். சிறு காயம் பட்டாலும் அவனுக்கு ரத்தம் நில்லாமல் ஒழுகியது. மூட்டுகளுக்குள்ளே ரத்தம் கசிந்து வீங்கியது. சூரியன் அஸ்தமிக்காத சாம்ராஜ்யத்தின் வைத்தியர்கள் அத்தனை பேரும் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். 1884-ல் பிரான்சு தேசத்துக் கான் நகரில் லியோபோல்டு வழுக்கி விழுந்தார். அந்த அடியே போதுமானதாக இருந்தது. அப்போது அவருக்கு வயது முப்பது.

இந்த நோய்க்கு ஹீமோபிலியா என்று பெயர். உடம்பில் காயம் பட்டதும் ரத்தம் உறைந்து வாயை அடைத்துக்கொள்வது பல புரதங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யும் வேலை. வரிசையில் நின்று கைமாற்றிக் கொடுத்துத் தண்ணீர் இறைப்பவர்களில் ஒருவன் வராமல் போனால் தொட்டி எப்படி நிரம்பும்? அதுபோல அந்தப் புரதங்களில் ஒன்று இல்லாமல் போனாலும் ரத்தம் சரியாக உறையாது. 1803-ம் வருஷத்திலேயே அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்து வைத்தியர் ஜான் ஆட்டோ ஒரு விசித்திரத்தைக் கவனித்து எழுதிவிட்டார்: நோய் வருவது ஆண்களுக்கு, அதை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுபோவது நோயில்லாத பெண்கள்.

ஆட்டோ கண்டது உண்மை. காரணம் அவருக்குத் தெரியாது. காரணத்துக்கு முதல் நூலைப் பிடித்துக் கொடுத்தவர் வைத்தியரே அல்லர், ஒரு துறவி. இன்று செக் நாட்டில் பிர்னோ என்று வழங்கும் ஊரின் மடத்துத் தோட்டத்தில், 1856 முதல் ஏழெட்டு வருஷம், கிரெகோர் மெண்டல் பட்டாணிச் செடி பயிரிட்டார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் கலந்தால் பிறந்தவை எல்லாம் நெட்டை. குட்டை எங்கே போயிற்று? அந்த நெட்டைகளின் விதையை மறுபடி விதைத்து எண்ணினார். 787 நெட்டை, 277 குட்டை. ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. குட்டைக் குணம் அழியவில்லை. ஒரு தலைமுறை ஒளிந்திருந்து மறுபடி வெளிப்பட்டது. ஒவ்வொரு குணத்துக்கும் தாயிடமிருந்து ஒரு கூறு, தந்தையிடமிருந்து ஒரு கூறு என இரண்டு கூறுகள் வருகின்றன. பாலும் தண்ணீருமாக அவை கலந்து மறைவதில்லை, பல்லாங்குழிச் சோழிகள் மாதிரி தனித்தனியாகவே கை மாறுகின்றன. இதுதான் மெண்டல் கண்ட உண்மை. 1866-ல் அச்சிட்டார். உலகம் திரும்பிப் பார்க்கவில்லை. லியோபோல்டு இறந்த அதே 1884-ல் மெண்டலும் இறந்தார். 1900-ல்தான் அவருடைய கட்டுரையை மற்றவர்கள் தோண்டி எடுத்துத் தலையில் வைத்துக் கொண்டாடினார்கள்.

மெண்டல் சொன்ன கூறுகளுக்கு ஜீன் என்றும் மரபணு என்றும் இன்று பெயர். நம் உடம்பின் பெரும்பாலான உயிரணுக்களில் 23 ஜோடி குரோமோசோம்கள் இருக்கின்றன. மரபணுக்கள் அவற்றில்தான் வரிசையாக அமைந்திருக்கின்றன. ஒரு ஜோடி மட்டும் ஆணுக்கும் பெண்ணுக்கும் வேறுபடும். பெண்ணுக்கு இரண்டும் எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஓர் ஒய். ரத்தத்தை உறைய வைக்கும் புரதங்களில் இரண்டுக்கான மரபணுக்கள் எக்ஸில் இருக்கின்றன. பெண்ணிடம் ஒன்று பழுதானாலும் மற்றொன்று பெரும்பாலும் வேலையைப் பார்த்துக்கொள்கிறது. ஆணுக்கோ மாற்று இல்லை. இருக்கும் ஒன்று பழுதானால் நோய்தான். பழுதைச் சுமக்கும் தாயின் ஒவ்வொரு மகனுக்கும் நோய் வரப் பாதி வாய்ப்பு. ஒவ்வொரு மகளும் அதைச் சுமக்கப் பாதி வாய்ப்பு. நோயுள்ள தகப்பனோ மகனுக்குக் கொடுப்பது ஒய். ஆகவே மகன் தப்பித்துக்கொள்கிறான். மகள்களுக்குக் கொடுப்பது அந்த ஒரே எக்ஸ். ஆகவே எல்லா மகள்களும் சுமக்கிறார்கள். லியோபோல்டின் மகன் தப்பினான், மகள் சுமந்தாள், அவள் பிள்ளை ருபர்ட் 1928-ல் ஒரு கார் விபத்துக்குப் பிறகு மூளையில் ரத்தம் கசிந்து இறந்தான். கணக்கு அரண்மனைக்கும் தப்பவில்லை.

மகாராணியின் பெண்களில் ஆலிஸ், பியாட்ரிஸ் என்ற இருவர் இந்தச் சீதனத்தோடு புருஷன் வீடு போனார்கள். பியாட்ரிஸின் மகள் ஸ்பெயின் நாட்டு ராணியானாள். அவள் பெற்ற இரண்டு ராஜகுமாரர்களுக்கு நோய் வந்தது. ஆலிஸின் மகள் அலிக்ஸ் 1894-ல் ருஷ்யச் சக்கரவர்த்தி இரண்டாம் நிக்கோலாஸை மணந்து அலெக்ஸாண்டிரா ஆனாள். வரிசையாக நான்கு பெண்கள் பிறந்தார்கள். தவமாய்த் தவமிருந்து 1904-ல் ஓர் ஆண் வாரிசு பிறந்தான்: அலெக்ஸி. ஆறு வாரத்தில் தொப்புளில் ரத்தம் கசிந்தது.

அந்தத் தாயின் மனத்தை நினைத்துப் பாருங்கள். அவளுடைய அண்ணன் ஒருவன் இரண்டு வயதில் ஜன்னலிலிருந்து விழுந்து இந்த நோயால் இறந்தவன். மாமன் லியோபோல்டு போனதும் இதனால். அலெக்ஸி பிறந்த அதே வருஷம் அவளுடைய அக்காள் மகன் நாலு வயதில் இதனாலேயே போயிருந்தான். மகனுக்கு நோயைத் தந்தது தன் ரத்தம்தான் என்று அவளுக்குத் தெரியும். அரண்மனையோ அந்த நோயை நாட்டுக்குச் சொல்லாமல் மூடி மறைத்தது. கோடி வீட்டு அத்தையாவது வாய்விட்டு அழுதாள். சக்கரவர்த்தினிக்கு அதற்கும் வழியில்லை. வைத்தியர்கள் கைவிட்ட இடத்தில் ராஸ்புடின் என்ற சைபீரிய நாட்டுப்புறத்துச் சாமியார் நுழைந்தார். 1912-ல் போலந்து நாட்டு ஸ்பாலா மாளிகையில் சிறுவனுக்குக் கடைசிச் சடங்குகூடச் செய்துவிட்டார்கள். அப்போது, பிள்ளை சாக மாட்டான் என்று ராஸ்புடினிடமிருந்து தந்தி வந்தது. பிள்ளை பிழைத்தான். பிறகு அந்தத் தாய் அந்த மனிதனைக் கைவிடுவாளா? யுத்த காலத்தில் மந்திரிகளை மாற்றுவது வரை அவர் வாக்கு அரண்மனையில் ஏறியது. மக்களின் வெறுப்பும் ஏறியது. 1916 டிசம்பரில் அவரைச் சில பிரபுக்கள் கொன்றார்கள்.

ஹீமோபிலியாவால் ருஷ்யப் புரட்சி வந்தது என்று நான் சொன்னால் அது கதையாகிவிடும், வரலாறு ஆகாது. பசியும் யுத்தமும் நிலமில்லாத குடியானவர்களின் துயரமும் அதற்குப் போதும். ஆனாலும் ஒன்றைச் சொல்லத்தான் வேண்டும். 1917 மார்ச்சில் நிக்கோலாஸ் மகனுக்கு முடியைக் கொடுத்து விலகவே முதலில் சம்மதித்தார். அரண்மனை வைத்தியர் பியோதரோவை அழைத்து, பிள்ளைக்குக் குணமாகுமா என்று கேட்டார். ஆகாது என்றார் அவர். உடனே மகன் சார்பிலும் துறந்து தம்பிக்கு முடியை எழுதிக் கொடுத்தார். தம்பி அதை ஏற்கவில்லை. 304 வருஷம் ஆண்ட ரோமனாவ் வம்சம் அதோடு முடிந்தது. 1918 ஜூலையில் எகாதெரின்பர்க் நகரத்து வீடு ஒன்றின் அடித்தளத்தில் குடும்பம் முழுவதையும் சுட்டுக் கொன்றார்கள். அலெக்ஸிக்குப் பதினான்கு வயது நிரம்பச் சில வாரங்கள் பாக்கி.

கதை அங்கே முடியவில்லை. 1991-ல் அந்த ஊருக்கு வெளியே புதைகுழி ஒன்றைத் தோண்டி ஒன்பது பேரின் எலும்புகளை எடுத்தார்கள். அவை யாருடையவை என்று எப்படி அறிவது? டி.என்.ஏ. என்ற நீண்ட இழையில் நான்கே எழுத்துகளால் நம் மரபு எழுதப்பட்டிருக்கிறது. அந்த இழையின் வடிவம் 1953-ல் தெரியவந்தது. அதில் ஒரு சிறு பகுதி தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருவது. எலிசபெத் ராணியின் கணவர் பிலிப் கோமகன் தாய்வழியில் ஆலிஸின் பேத்தி வயிற்றுப் பிள்ளை என்று நானும் விரல்விட்டு எண்ணிப் பார்த்தேன்: ஆலிஸின் மகள், அவள் மகள், அவள் மகன் பிலிப். அவருடைய ரத்தத்தோடு ஒப்பிட்டார்கள். சக்கரவர்த்தினியின் எலும்போடும் மூன்று பெண்களின் எலும்போடும் பொருந்தியது. காணாமற்போயிருந்த அலெக்ஸியும் இன்னொரு சகோதரியும் 2007-ல் அருகிலேயே கிடைத்தார்கள். 2009-ல் அந்த எலும்புகளிலிருந்தே நோயின் மூலத்தையும் படித்துவிட்டார்கள். ஒன்பதாம் உறைகாரணி என்ற புரதத்தின் மரபணுவில், வாக்கியத் துண்டுகள் ஒன்றோடொன்று சேரும் இடத்துக்கு அருகே, ஓர் எழுத்து மாறியிருந்தது. 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி'. முந்நூறு கோடி எழுத்துகளில் ஒன்று!

அந்த ஓர் எழுத்து எப்போது மாறியது? விக்டோரியாவின் முன்னோர்களிடம் இந்த நோய் இருந்ததற்குத் தடயம் இல்லை. அவள் பிறந்தபோது அவள் தகப்பனாருக்கு வயது 51. வயதான தகப்பனின் வித்தில் எழுத்துப்பிழைகள் கூடுதல். ஆகவே பிழை அவரிடம் நேர்ந்திருக்கலாம் என்று பலர் கருதுகிறார்கள். நம் நாட்டு ஓலைச் சுவடிகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஏடு பெயர்த்து எழுதுகிறவன் எவ்வளவு பக்திமானாக இருந்தாலும் எங்கோ ஓரிடத்தில் எழுத்தாணி சறுக்கும். பின்னால் வந்தவர்கள் அந்தப் பிழையையும் பிசகாமல் படியெடுப்பார்கள். அதைப் பாடபேதம் என்கிறோம்; எழுதியவன் செய்த பாவம் என்று சொல்வதில்லை. ஹீமோபிலியாவோடு பிறப்பவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருடைய குடும்பத்தில் அதற்குமுன் அந்த நோயின் அடையாளமே இருப்பதில்லை. புதுப்பிழை எந்த வம்சத்திலும் எந்தத் தலைமுறையிலும் நேரலாம்.

இப்போது கோடி வீட்டுக்குத் திரும்புவோம். விஞ்ஞானம் யார் பக்கம் சாட்சி சொல்கிறது? நோய் தாய்வழியே வந்தது என்கிறது. அப்படியானால் மாமியார் சொன்னது சரிதானே? இந்தக் கேள்வி என்னை நெடுநாள் வருத்தியது. யோசிக்க யோசிக்க, காரணம் வேறு, குற்றம் வேறு என்று விளங்கியது. அத்தைக்கு அந்த எக்ஸ் யாரிடமிருந்தோ வந்தது. அவள் கேட்டு வாங்கவில்லை. எதைப் பிள்ளைக்குக் கொடுப்பது என்று அவள் தேர்ந்தெடுக்கவும் இல்லை. நல்லது போவதும் பழுது போவதும் பூவா தலையா போட்டது போல. அதே கருப்பையில் அவளுக்கு நோயில்லாத பிள்ளையும் பிறந்திருக்கலாம். தன் உயிரணுவில் எழுதியிருப்பதை அவள் ஒருநாளும் கண்டதில்லை. காணாததற்கு ஒருத்தியைத் தண்டிப்பது எந்த ஊர் நியாயம்? ராஜரத்தம் என்று தலை நிமிர்ந்தவர்களுக்கும் இதே பதில்தான். பரம்பரையில் வருவது பெருமையும் அன்று, பழியும் அன்று.

பிழை இருக்கும் இடம் தெரிந்தால் திருத்தவும் வழி தேடலாம். இல்லாத புரதத்தை ஊசி மூலம் செலுத்தும் சிகிச்சை முன்பே வந்துவிட்டது. 2022-ல் அமெரிக்காவில், தீங்கு செய்யாத வைரஸ் ஒன்றில் நல்ல மரபணுவை ஏற்றி ஈரலுக்கு அனுப்பும் மருந்துக்கு அனுமதி கொடுத்தார்கள். அலெக்ஸிக்கு இருந்த அதே வகை நோய்க்கு. அதன் விலையைக் கேட்டால் ஜாருடைய பொக்கிஷமே வேண்டும். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி வைத்தியர்கள், எட்டாம் உறைகாரணி இல்லாத ஐந்து பேருடைய ரத்த மூல அணுக்களை எடுத்து, நல்ல மரபணுவைப் புகுத்தி, அவர்களுக்கே திரும்பச் செலுத்தினார்கள். அதன் பிறகு அவர்களைக் கவனித்துவந்த காலத்தில் ரத்தக்கசிவு வரவில்லை என்று 2024-ல் வெளியிட்டார்கள். ஐந்து பேர் என்பது சிறு தொடக்கம்தான். ஆனால் ருஷ்யச் சக்கரவர்த்தி தம் சாம்ராஜ்யம் முழுவதும் தேடியும் கிடைக்காதது அது.

கோடி வீட்டு அத்தை இன்று இல்லை. அவள் கேட்ட கேள்விக்குப் பதில் கிடைத்தபோது, அதைச் சொல்ல அவள் கை என் கையில் இல்லை. ஆகவே இந்தப் பக்கத்தில் சொல்லி வைக்கிறேன். ஏதாவது ஒரு தெருவில், ஏதாவது ஒரு திண்ணையில், அதே கேள்வியோடு இன்னொருத்தி உட்கார்ந்திருக்கக்கூடும்.

நீ ஒரு பாவமும் செய்யவில்லை, அத்தை.