ஹோலோகாஸ்ட் பாடத்தை நாடகமா நடத்தலாமா? டீச்சர்கள் கவனிக்க வேண்டியது என்ன?

கறாரான சூப்பர்வைசருக்கு 'ஹிட்லர்' என்று பட்டப்பெயர் வைப்பது திருப்பூர் பனியன் கம்பெனிகளிலும் சகஜம், பள்ளிக்கூடங்களிலும் சகஜம். நாஜி ஜெர்மனி சுமார் 60 லட்சம் யூதர்களைக் கொன்ற ஹோலோகாஸ்ட் இனப்படுகொலை, 10ஆம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகத்தில் சுருக்கமாக வருகிறது. பரீட்சைக்கு அது போதும். ஆனா அந்த 60 லட்சம் பேரில் ஒருத்தர் முகம்கூட மாணவர் மனசில் நிற்காது.

அதற்காகத்தான் பல நாடுகளில் படம் வரைவது, நாடகம் போடுவது என்று குழுவாகச் சொல்லித் தருகிறார்கள்.

வார்சாவில் தாகூர் நாடகம்

இதில் நம்ம நாட்டுக்கும் ஒரு தொடர்பு உண்டு. போலந்தின் வார்சா நகரில் யூதர்களை அடைத்து வைத்திருந்த பகுதியில் டாக்டர் யானுஷ் கோர்ச்சாக் அநாதை இல்லம் நடத்தினார். 1942 ஜூலை 18 அன்று அங்கிருந்த குழந்தைகள் நடித்தது தாகூரின் 'அஞ்சல் நிலையம்' நாடகம். நோயால் வீட்டுக்குள்ளேயே கிடக்கும் அமல் என்ற சிறுவன், ராஜாவின் கடிதத்துக்காகக் காத்திருக்கும் கதை. மூன்றே வாரத்துக்குள் அந்தக் குழந்தைகள், சுமார் 200 பேர், ட்ரெப்ளிங்கா கொலை முகாமுக்குக் கொண்டு போகப்பட்டனர். தப்பிக்க வாய்ப்பு வந்தும் கோர்ச்சாக் மறுத்துவிட்டு, அவர்களோடவே போனார்.

ஒரு வகுப்பு இந்த நாடகத்தைப் படித்து நடிக்கலாம். கொடுமைக் காட்சி ஒன்றுகூட இதில் இல்லை.

மஞ்சள் நட்சத்திரம் வேண்டாம்

ஜெர்மனியில் 1941 செப்டம்பர் 19 முதல், 6 வயதுக்கு மேற்பட்ட யூதர்கள் சட்டையில் மஞ்சள் துணி நட்சத்திரம் தைத்துக்கொள்ள வேண்டும் என்பது உத்தரவு. பிரான்சில் 1942ல் அதை வாங்க, யூதர்கள் தங்கள் துணி ரேஷனில் இருந்தே ஒரு புள்ளியைக் கொடுக்க வேண்டியிருந்தது. தன்னை அவமானப்படுத்தும் துணிக்குத் தானே கூப்பன் கொடுக்கும் கொடுமை. துணி ஊர்ப் பிள்ளைகளுக்கு இது சட்டுனு புரியும்.

அதற்காக நட்சத்திரம் தைத்து மாணவர் சட்டையில் குத்தக்கூடாது. 'நீ கைதி, நீ காவலர்' என்று நடிக்கவிடும் பயிற்சியே வேண்டாம் என்கிறது வாஷிங்டன் ஹோலோகாஸ்ட் அருங்காட்சியகத்தின் வழிகாட்டுதல். பாதிப் பேருக்கு அது விளையாட்டு, மீதிப் பேருக்கு வலி. பீகார், ஒடிசாவில் இருந்து வந்த தொழிலாளர்களின் பிள்ளைகளும் உட்காரும் திருப்பூர் வகுப்பில் நட்சத்திரம் யார் சட்டைக்குப் போகும்? 2023 மார்ச்சில் வெறும் போலி வீடியோக்களால் வடமாநிலத் தொழிலாளர்களிடம் எவ்வளவு பயம் பரவியது என்பதை இந்த ஊர் பார்த்திருக்கிறது.

சரி, என்ன செய்யலாம்?

குழுவுக்கு ஒரு பெயர் கொடுக்கலாம். தெரேசின் முகாமில் ஃப்ரீடல் டிக்கர் பிராண்டைஸ் என்ற ஓவியர், குழந்தைகளுக்கு ரகசியமாகப் படம் வரையக் கற்றுத் தந்தார். 1944ல் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்படும் முன் அவர் விட்டுச்சென்ற இரண்டு சூட்கேஸ்களில் இருந்தவை சுமார் 4,500 படங்கள். இப்போது அவை பிராக் யூத அருங்காட்சியகத்தில் உள்ளன. பல படங்களில் வரைந்த குழந்தையின் பெயரும் உண்டு. அப்படி ஒரு குழந்தையை எடுத்துக்கொண்டு, எந்த ஊர், எத்தனை வயது, என்ன வரைந்தது என்று தேடி, கட்டிங் வேஸ்ட் துணியில் ஒட்டுப்படமாகச் செய்யலாம். இதுக்கு செலவும் இல்லை.

6ஆம் வகுப்புக்கு மேல் தொடங்குவது நல்லது என்கிறது அதே அருங்காட்சியகம். பிணக்குவியல் போட்டோக்களைக் காட்டி ஆரம்பிக்க வேண்டாம்.