இணைய இணைப்பும் பதிப்புரிமையும்

வேறொருவர் தளத்திலுள்ள கட்டுரை, படம், காணொளி போன்றவற்றுக்கு நேரடி இணைப்புத் தருவது பதிப்புரிமை மீறலாகுமா என்பது இணையச் சட்டத்தில் நெடுநாளாகத் தொடரும் வழக்கு. இணைப்புத் தருபவர் எதையும் படியெடுப்பதில்லை. படைப்பு இருக்கும் இடத்தைக் காட்டுகிறார், அவ்வளவே. ஆனாலும் நீதிமன்றங்கள் ஒரே முடிவுக்கு வரவில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2001ஆம் ஆண்டு நெறிமுறைப்படி, படைப்பைப் பொதுமக்களிடம் கொண்டுசேர்க்கும் உரிமை படைப்பாளிக்கே உரியது. சுவீடன் நாளிதழ் ஒன்றில் எழுதிவந்த பத்திரிகையாளர்கள், தங்கள் கட்டுரைகளுக்கு இணைப்புக் கொடுத்த ரெட்ரீவர் நிறுவனத்தின்மீது வழக்குத் தொடுத்தனர். ஏற்கெனவே எல்லோரும் இலவசமாகப் படிக்கக்கூடிய கட்டுரைக்கு இணைப்பு புதிய வாசகர்களைச் சேர்ப்பதில்லை, எனவே அனுமதி தேவையில்லை என்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் 2014 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. சந்தாதாரர்களுக்கு மட்டுமான பக்கத்துக்குக் குறுக்குவழி காட்டினால் இந்த விலக்கு பொருந்தாது.

உரிமையாளர் அனுமதியின்றி வெளியான படைப்புக்கு இணைப்புக் கொடுத்தால் என்ன ஆகும்? இந்தக் கேள்வி ஜிஎஸ் மீடியா வழக்கில் எழுந்தது. அந்நிறுவனம் நடத்திய நெதர்லாந்தின் கேன்ஸ்டெய்ல் தளம் 2011இல், பிளேபாய் இதழில் வெளிவரவிருந்த படங்கள் இருந்த ஆஸ்திரேலியத் தளத்துக்கு இணைப்புத் தந்தது. வெளியீட்டாளரான சனோமா நீக்கக் கேட்டும் நீக்கவில்லை. அங்கே படங்கள் அகற்றப்பட்டதும், அவை கிடைக்கும் வேறு தளத்துக்கு வழிகாட்டியது. 2016 செப்டம்பர் 8 அன்று ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றம் தந்த தீர்ப்பு, படைப்பு அனுமதியின்றி வெளியானது இணைப்புத் தருபவருக்குத் தெரியுமா என்பதை அளவுகோலாக்கியது. லாபநோக்கு இல்லாதவருக்குப் பொதுவாகத் தெரிந்திருக்காது. லாபநோக்கோடு செய்பவருக்குத் தெரியும் என்றே கொள்ளப்படும், தெரியாதென்று அவர்தான் நிறுவ வேண்டும். விளம்பர வருவாயில் ஓடும் சிறு செய்தித்தளங்களுக்கு இது கடுமையான சுமைதான். அடுத்த ஆண்டே, திருட்டு ஒளிபரப்புகளுக்கான இணைப்புகளை முன்கூட்டியே பதித்த கருவியை விற்பதும் மீறல் என்றது அதே நீதிமன்றம்.

அமெரிக்காவில் சர்வர் அளவுகோல் புகழ்பெற்றது. படம் யாருடைய சர்வரில் இருக்கிறதோ அவரே அதைக் காட்சிப்படுத்துகிறார் என்று, பெர்ஃபெக்ட் 10 வழக்கில் 2007இல் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. நியூயார்க் மாவட்ட நீதிமன்றம் ஒன்று 2018இல் இதை ஏற்க மறுத்தது.

இந்தியாவில் 2012 திருத்தத்துக்குப் பின், பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(சி) பிரிவு, இணைப்புத் தருவதற்காக நேரும் தற்காலிகச் சேமிப்பை மீறலாகக் கருதுவதில்லை. உரிமையாளர் வெளிப்படையாகத் தடை செய்திருந்தாலோ, அது திருட்டுப் பிரதி என அறிந்திருந்தாலோ இவ்விலக்கு கிடைக்காது. உரிமையாளர் எழுத்துமூலம் புகார் செய்தால், சேமிப்புக்குப் பொறுப்பானவர் அதற்கான அணுகலை 21 நாட்கள் நிறுத்த வேண்டும். அதற்குள் நீதிமன்ற ஆணை வராவிட்டால் மீண்டும் வழங்கலாம்.